கொலை வழக்கில் ஐயத்தின் இடம்: உறந்தை அவையம் முதல் பழியஞ்சின படலம் வரை

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைத் தண்டிப்பதற்கு எத்துணைச் சான்று வேண்டும் என்பது சட்டநூலார்க்கே உரிய வினா எனப் பலர் கருதுவர். தமிழ் இலக்கியமோ இவ்வினாவை நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து 25-ஆம் படலமாகிய பழியஞ்சின படலம் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு கொலை வழக்கே ஆகும். ஆயினும் அதனை இறைவனது அருட்செயலைக் கூறும் கதையாக மட்டும் கொண்டு அமைவாரே பலர். அதன்கண் உள்ள வழக்காராய்ச்சியின் நுட்பத்தை எடுத்துக் காட்டுதலும், ஐயம் என்பது நீதியின் உறுப்புகளுள் ஒன்று என நிறுவுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், முறை செய்தலைப் பற்றிப் பழந்தமிழ்ச் சான்றோர் கொண்டிருந்த கருத்தை நோக்குவோம். இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், சோழர் தலைநகராய் இருந்த நாளில் தன் அறங்கூறவையத்தால் புகழ் பெற்றிருந்தது. புறநானூற்று 39-ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார், உறந்தை அவையத்தில் அறம் நிலைபெற்று நிற்றலின், முறை செய்தல் கிள்ளிவளவனுக்குத் தனிப்புகழ் ஆகாது என்கின்றார். அறத்தை மன்னன் ஒருவனது குணமாகக் கூறாமல் அவையத்தின் இயல்பாகக் கூறியிருத்தல் கருதத்தக்கது. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரமும் இதனோடு ஒத்து நோக்கற்பாலது. அதன் இறுதிக் குறள் கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைக் களையெடுத்தலோடு ஒப்பிடுகின்றது. முதற்குறளோ ஆராய்தலை முன்வைத்துத் தொடங்குகின்றது. களை எது, பயிர் எது எனத் தெளிந்த பின்னரன்றோ களைதல் தகும்? ஆராய்ச்சி முதலிலும் ஒறுத்தல் இறுதியிலும் நிற்கும் இம்முறைவைப்பு இவ்வகையில் பொருத்தமுடையதாகவே எமக்குத் தோன்றுகின்றது.

இம்முறை பிறழ்ந்தவிடத்து நேர்வது யாது என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. புகாரினின்று புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு திருவரங்கத்தை அடைந்து, ஓடத்தில் ஏறிக் காவிரியின் தென்கரை சேர்ந்து, உறந்தையில் தங்கிச் செல்கின்றனர். அறங்கூறவையத்தால் பெயர்பெற்ற நகரைக் கடந்து சென்ற கோவலன், மதுரையில் எவ்வவையத்தின் முன்னும் நிறுத்தப்படாமலே கொல்லப்படுகின்றான். அவன்மீது சாட்டப்பட்டது களவேயாயினும், விளைந்தது உயிரிழப்பாதலின், அதனை இங்கு எடுத்துக்கொண்டோம்.

கொலைக்களக் காதையில் ஐயம் எழாமல் இல்லை. கோவலனை நேரிற் கண்ட காவலர், இவன் கொல்லப்படத்தக்கவன் அல்லன் என்று கூறுகின்றனர். அந்த ஐயம் எவ்வாறு அடக்கப்படுகின்றது என்பதையே இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டினைக் கள்வர்க்குத் துணையாவன என அடுக்குகின்றான். அவை கள்வர் அனைவரையும் பற்றிய பொதுவுரை. கோவலன் களவு செய்தான் என்பதற்கு அவற்றுள் ஒன்றும் சான்றாகாது. பின்னர் இளையோன் ஒருவன், மழைக்காலத்து நள்ளிரவில் தன் வாளைப் பற்றிய வேறொரு கள்வனது கதையைக் கூறி, மன்னன் தம்மை ஒறுப்பான் என அஞ்சுகின்றான். பிறனொருவன் செய்த குற்றமும், மேலோர்பாற் கொண்ட அச்சமும் இங்குச் சான்றின் இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. இறுதியில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகின்றான். குற்றம் சாட்டியவன் ஒருவனே சான்றாளனாகவும் துறை வல்லுநனாகவும் நின்றதும், அவனை எவரும் குறுக்கே வினவாததும் இவ்வழக்கின் பெருங்குறைகளாம். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் எளிய சோதனை, உயிர் போன பின்னரே நிகழ்கின்றது.

இனிப் பழியஞ்சின படலத்தை நோக்குவோம். குலோத்துங்க பாண்டியன் ஆட்சியில், மதுரை நோக்கி வந்த அந்தணன் ஒருவன் தன் மனைவியை ஆலமர நிழலில் இருத்தி நீர் கொணரச் செல்கின்றான். முன்பு எவனோ எய்து மரத்திற் சிக்கியிருந்த அம்பு காற்றசைவால் வீழ்ந்து அவள் உயிரைப் போக்குகின்றது. அந்நேரத்தில் வேடன் ஒருவன் இளைப்பாறுதற்பொருட்டு அம்மரத்தின் மற்றொரு பக்கத்து நிழலை அடைகின்றான். மீண்டு வந்த அந்தணன் மனைவியின் உடலில் அம்பையும், அருகே வில்லேந்திய வேடனையும் காண்கின்றான். அவனே கொன்றான் எனத் துணிந்து அரசன்முன் முறையிடுகின்றான்.

குற்றம் சாட்டும் தரப்பின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். கருவி வேடர்க்கு உரியது; அவன் வேடன். இடம் ஒன்று, காலம் ஒன்று, பிறர் எவரும் அங்கு இலர். முறையிடுவோனோ மனைவியை இழந்தவன். பொய் கூற வேண்டுவதில்லாதவன். இத்துணையும் ஒருங்கே நிற்க, வேடன்பால் உள்ளது தான் கொன்றிலேன் என்னும் சொல் ஒன்றே.

ஆயினும் இச்சான்றுகளின் இடையே வெற்றிடங்கள் உள்ளன. எய்தவனைக் கண்டவர் இலர். கொலைக்குரிய நோக்கம் கூறப்படவில்லை. கொன்றவன் தன் வில்லோடு பிணத்தின் அருகிலேயே இளைப்பாறியிருப்பானோ என்னும் வினாவுக்கு விடையில்லை. அந்தணன் கண்டது வேடன் அங்கு இருந்தமையை. வேடன் கொன்றமை அவன் உய்த்துணர்ந்தது. காட்சியும் கருதலும் அவன் கூற்றில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. அவன் பொய்யன் அல்லன். எனினும் அவன் கூற்று உண்மையன்று. மெய்யுரைப்பான் ஒருவனது சொல்லாலும் குற்றமிலான் ஒருவன் கொலைத்தண்டம் பெறக்கூடும் என்பதை இப்படலத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் பகுதி அரிது.

ஒறுத்து வினவியும் வேடன் சொல் மாறவில்லை. அவன் முகத்திற் கொலைக்குறி காணப்படவில்லை. அரசன் தண்டம் விதிக்காமல் வேடனைக் காவலில் வைத்து ஆலவாய் இறைவன்பாற் சென்று முறையிடுகின்றான். தெய்வ வாக்கு எழுவதற்கு முன்னரே அரசன் ஐயுற்றான் என்பதை ஆய்வாளர் கருத்தில் இருத்தல் வேண்டும். அவன் ஐயுறாதிருப்பின், திருவருள் வெளிப்படுமுன் வேடன் உயிர் போயிருக்கும். வியத்தகு நிகழ்ச்சிக்கு இடந்தந்தது மன்னனது தயக்கமே.

வாக்கின்படி அரசன் அந்தணனையும் உடனழைத்துக்கொண்டு, வணிகர் தெருவில் மணம் நிகழும் மனைக்கு மாறுவேடத்தில் செல்கின்றான். அங்கு எமதூதர் இருவர், மரத்திற் சிக்கிய அம்பைக் காற்றால் வீழ்த்திப் பார்ப்பனியின் உயிரைக் கவர்ந்ததையும், அவ்வாறே பசு ஒன்றால் மணமகன் உயிரைக் கவரப்போவதையும் பேசக் கேட்கின்றனர். சொல்லியவாறே, ஆரவாரத்தால் வெருண்ட பசு கயிற்றை அறுத்துவந்து பாய, மணமகன் மாள்கின்றான். இங்கு இரு நுட்பங்கள் உள. அரசன் தான் ஒருவனே சான்றாக நில்லாமல், எதிர்த்தரப்பினனையும் கேட்கச் செய்கின்றான். அன்றியும், செவிவழிக் கேட்ட சொல்லை அப்படியே கொள்ளாமல், அது கூறிய பின்நிகழ்ச்சி நிகழ்ந்ததைக் கண்டே முன்நிகழ்ச்சியைத் துணிகின்றான். தெய்வச் சான்றையும் சோதித்தே ஏற்கும் மன்னனைப் பரஞ்சோதியார் படைத்துள்ளார். இறுதியில் வேடனை விடுவித்து, இழைத்த துன்பத்திற்காகப் பொறுத்தருளுமாறு வேண்டிப் பொருளும் அளிக்கின்றான்.

வேடன் விடுதலைக்குத் தெய்வச் சான்று தேவைப்பட்டதே, ஐயம் மட்டும் போதாதாயிற்றே எனச் சிலர் வினவலாம். அது தக்க தடையே. வேடன் குற்றமற்றவன் என நிறுவப்பட்ட பின்னரே படலத்தில் அவன் விடுபடுகின்றான். இன்றைய சட்டம் இவ்விடத்தில் ஒரு படி மேற்செல்கின்றது. குற்றத்தை நிறுவும் பொறுப்புக் குற்றம் சாட்டுவோரையே சாரும் என்னும் நெறியை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1935-இல் ஊல்மிங்டன் வழக்கில் வலியுறுத்தியது. 1984-இல் சரத் பிர்திசந்த் சாரதா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், சூழ்நிலைச் சான்றின் ஒவ்வொரு கண்ணியும் நிறுவப்பட வேண்டும், குற்றமின்மையைக் காட்டும் பிறிதொரு விளக்கத்திற்கு அவை இடந்தரலாகாது என வகுத்துரைத்தது. அவ்வளவுகோலால் அளப்பின், மரத்திற் சிக்கிய அம்பு என்னும் விளக்கத்தை விலக்க இயலாமையே வேடனை விடுவிக்கப் போதும்; எமதூதர் வரவேண்டுவதில்லை.

இவ்வேறுபாட்டின் பயனைத் திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த இசைவாணர் ஒருவர் தம் வாழ்வில் நேர்பட அறிந்தார். 1944 நவம்பரில் சென்னையில் இதழாசிரியர் லட்சுமிகாந்தன் குத்துண்டு இறந்த வழக்கில், எம். கே. தியாகராச பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டனர். 1945-இல் நடுவர் குழுவினருள் பெரும்பான்மையோர் குற்றமுண்டு எனக் கூற, இருவரும் வாழ்நாள் தண்டனை பெற்றனர். உயர் நீதிமன்ற மேன்முறையீடும் பயனளிக்கவில்லை. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி ஆராயுமாறு திருப்பியனுப்ப, 1947 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையிற் கழிந்தன. பாகவதர் 1959-இல் மறைந்தார்; இறுதிச் சடங்கு திருச்சிராப்பள்ளியிலேயே நிகழ்ந்தது. திரையுலகில் அவர் பழைய நிலையை மீண்டும் எய்தவில்லை.

ஒரே வழக்கு முதலில் குற்றமென்றும் பின்னர்க் குற்றமின்றென்றும் முடிவெய்தியது. கொலை செய்தவர் யாவர் என்னும் வினாவுக்கு அவ்விடுதலை விடை கூறவில்லை. கூறவேண்டிய கடமையும் அதற்கில்லை. ஐயத்தால் விடுபட்டவனை உலகம் தொடர்ந்து ஐயுறுதல் உண்டு. பாண்டியன் வேடனுக்குச் செய்தது போல, இழந்ததை ஈடுசெய்து பொறுத்தருள வேண்டும் கடப்பாட்டை இன்றைய நீதிமுறை இன்னும் முழுமையாக மேற்கொள்ளவில்லை. இவ்வொரு கூற்றில் பரஞ்சோதியாரின் மன்னன் நம் காலத்திற்கு முற்பட்டு நிற்கின்றான்.

படலத்தின் பெயரே அதன் கருத்தை அறிவிக்கின்றது. பழிக்கு அஞ்சியவன் வேடன் அல்லன். தண்டிக்கும் அதிகாரம் உடைய மன்னனே. உறந்தை அவையத்தைப் பாடிய சான்றோரும், கோவலன் கொலையைப் பாடிய அடிகளும், பரஞ்சோதியாரும் அதிகாரத்தின்பால் எதிர்பார்த்தது இவ்வச்சத்தையே. இம்மூவகைப் பனுவல்களையும் வழக்காராய்ச்சி நோக்கில் ஒருங்குவைத்துக் கற்பாராயின், இலக்கிய மாணவர்க்கும் சட்ட மாணவர்க்கும் பெரும்பயன் விளையும் என்பது எம் துணிபு.