நான்காம் வேற்றுமையில் நிற்பவள்

தேயிலைக் கம்பெனிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளை யாரும் இலக்கியமெனக் கருதுவதில்லை. எனினும் அவற்றிலும் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, எழுதுவோனின் நோக்கும் உண்டு. ஆகவே அவற்றையும் திறனாய்வுக்கு உட்படுத்துவது நம் கடமையாகின்றது.

தலவாக்கலைத் தோட்டங்களின் வாழ்வை அறிந்தோர் அவ்வறிக்கைகளில் 'சமூகப் பொறுப்பு' என்னும் பகுதியைப் படித்தல் வேண்டும். பிள்ளைக் காம்பரா புதுப்பிக்கப்பட்டது. மருத்துவ முகாம் நடத்தப்பட்டது. மாணவர்க்குப் புத்தகப் பைகள் வழங்கப்பட்டன. இவ்வாறு செல்லும் அதன் நடை. இவை வீண் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவ்வாங்கிலத்தைத் தமிழாக்கிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கொழுந்து பறிப்பவள் அங்கே எழுவாயாக வருவது அரிது. 'தொழிலாளிக்கு' என நான்காம் வேற்றுமையிலேயே நிற்கின்றாள். நன்னூலார் அவ்வேற்றுமைக்குக் கூறும் பொருள்களுள் முதலாவது கொடை அன்றோ!

அதே அறிக்கையின் வேறொரு பக்கத்தில் கூலி உயர்வு என்பது வருமானத்தை அச்சுறுத்தும் இடர்களுள் ஒன்றாக வைத்தெண்ணப்படும். கொடை பொறுப்பாகின்றது, கூலி ஆபத்தாகின்றது! இம்முரணே இந்நூல்வகையின் உயிர்நிலை எனலாம்.

1992இல் அரச தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபா என விதிக்கப்பட்டபோது கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. 2024 மே மாதம் 1,700 ரூபா என வர்த்தமானி வந்தபோதும் சென்றன. செப்டம்பரில் அது 1,350 ரூபாவில் வந்து நின்றது. உற்பத்திச் செலவில் கூலியே பெரும்பங்கு என்பது அவர்கள் வாதம். இதில் உண்மையே இல்லை எனல் நேர்மையாகாது. ஏலத்தில் விலை விழும் காலமும் உண்டு. 2021இன் உரத்தடையால் விளைச்சல் குன்றியதும் உண்டு. ஆயின், மடுவத்தில் நிறை குறைந்த நாளில் அரைப்பேர் பெற்று லயனுக்குத் திரும்புபவளின் இடரை எந்த அறிக்கை கணக்கிடுகின்றது?

இலாபமீட்டுவதே கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்றார் மில்டன் ஃபிரீட்மன், 1970இல். கம்பெனியின் செயலால் தாக்கமுறுவோர் யாவரும் அதனோடு உரித்துடையோர் என்றார் எட்வர்ட் ஃபிரீமன், 1984இல். அதன்பின் பொறுப்புள்ள கம்பெனி மிகுதியாக இலாபம் பெறுமா என வணிகவியலார் ஓயாது ஆராய்கின்றனர். நமது வினா வேறு: அந்த இலாபம் எவர் கையால் விளைந்தது? இவ்வினாவைக் கேளாமல் உரித்துடையோரைக் கலந்து பேசினோம் என்பது வெறும் உபசாரமே.

1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றோராக்கியது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவரும் ஆங்கிலத்தில்தான் கவிதை எழுதினார். மொழி அதுவே, மலையும் அதுவே. ஆனால் அங்கே உழைப்பவர் எழுவாயாக நிமிர்ந்து நிற்கின்றனர். மலையைப் பொன்னாக்கியவர் எவர் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. கவிஞனுக்குக் கைகூடிய இந்நேர்மை கணக்கருக்கு ஏன் கைகூடவில்லை? ஆற்றல் இன்மையால் அன்று. எவருக்காக எழுதுகின்றோம் என்பதில் உள்ள வேறுபாட்டால்.

அவ்வறிக்கைகள் தமிழில் பெரட்டுக் களத்தில் வாசிக்கப்படட்டும். கேட்டு நிற்பவள் கேள்வி எழுப்பட்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று அவள் கேட்கும் நாளிலேயே பொறுப்பு என்னும் சொல் தன் பொருளைப் பெறும். அதுவரை அது கொடுப்போனின் புகழ்மாலையே.