அல்லிக் குளமும் அப்பாவின் வேட்டியும்

ஓவியர் வீட்டுக்குப் போனால் ஓவியம் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் கிளம்பினேன். பாரீஸ் சென் லஸார் ஸ்டேஷனில் (இதையே மோனே 1877-ல் புகையும் இரும்புமாக வரைந்து தள்ளியிருக்கிறார்) ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வெர்னோன். அங்கிருந்து பஸ்ஸில் ஜிவெர்னி. தனியாகத்தான் போனேன். கூட ஆள் இருந்தால் 'எங்கே சாப்பிடலாம்?' என்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

பிங்க் சுவர், பச்சை ஜன்னல், மஞ்சளோ மஞ்சளாக ஒரு சாப்பாட்டு அறை, சுவர் கொள்ளாமல் ஜப்பானிய அச்சுப்படங்கள். மோனே? ஸ்டூடியோவில் தொங்குவதெல்லாம் நகல். ராட்சத அல்லி ஓவியங்களுக்காக அவர் கட்டிய பெரிய ஸ்டூடியோ இப்போது கடை. பி.காம். படித்தவனுக்கு இதிலெல்லாம் கோபம் வராது. மோனேயும் கணக்கில் புலிதான். 1883-ல் வாடகைக்கு வந்தவர், படம் விற்ற காசில் 1890-ல் அந்த வீட்டையே வாங்கினார். 1893-ல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கிக் குளம் வெட்டினார். வெளிநாட்டுச் செடி தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரே எதிர்த்தது. மனுஷன் விடவில்லை.

குளக்கரையில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பாலத்தைப் பார்த்து, 'அட, படத்துல இருக்கிற மாதிரியே இருக்கே!' இருக்காதா பின்னே? 1926-ல் அவர் போனபிறகு நாளடைவில் பாழாய்ப்போன தோட்டத்தை, 1977-லிருந்து பாடுபட்டுச் சீர்செய்து 1980-ல் திறந்தார்கள். பாலமே புதுசு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், அது நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

கேட்கிற பாலம் பாரீஸில், மார்மோத்தான் மியூசியத்தில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் வரைந்தது. பாலத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். செங்கல் சிவப்பும் காவியும் பழுப்புமாக ஒரே கொந்தளிப்பு. அரூப ஓவியத்துக்கு முன்னோடி என்பார்கள் விமர்சகர்கள். கண்ணில் புரை என்பார்கள் டாக்டர்கள். 1923-ல் ஆபரேஷன் நடந்தது நிஜம். அதன்பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவர் புலம்பியதும் நிஜம்.

எனக்கு இரண்டு தரப்புமே அவசரக்காரர்களாகத் தெரிகிறார்கள். என் அப்பாவுக்குப் புரை இருந்தபோது, வெள்ளை வேட்டி மஞ்சளாக இருக்கிறது என்று சலவைக்காரரோடு தினம் சண்டை. கண் ஏமாற்றியது, ஆனால், வேட்டியின் நுனி எது, கரை எது என்று கைக்குத் தெரிந்திருந்தது. மோனேயும், ஒவ்வொரு இலையும் எங்கே இருக்கிறது என்று தெரிந்த குளத்தைத்தான் வரைந்துகொண்டிருந்தார். ட்யூபில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து வர்ணம் எடுத்தார். நோய் மட்டும் அந்தப் படத்தை வரைந்திருக்காது. அரூபம் என்று ஒன்றை வரையவும் அவர் உட்காரவில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் இரண்டு போஸ்ட் கார்டு கொடுத்தேன். ஒன்றில் பச்சைப் பாலம், இன்னொன்றில் சிவப்பு. பச்சையை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். சிவப்பை ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆபரேஷனுக்கு முந்தி நம்ம கொல்லைப்பக்கம் இப்படித்தாண்டா தெரிஞ்சுது."