முடிவுரையும் திறனாய்வாளன் பொறுப்பும்

இலக்கியத் திறனாய்வுக் கட்டுரைகளுட் பல, தொடக்கத்திற் காட்டும் ஊக்கத்தை முடிவிற் காட்டுவதில்லை. 'இதுகாறும் கூறியவற்றால்' எனத் தொடங்கி, முன்னர்ச் சொன்னவற்றையே மீளவும் நிரைப்படுத்தி, ஆசிரியருக்கொரு புகழுரை சூட்டி அவை ஓய்ந்துவிடுகின்றன. நூலுக்குரிய 10 குற்றங்களைத் தொகுத்துரைக்கும் நன்னூல், 'கூறியது கூறல்', 'சென்று தேய்ந்து இறுதல்' ஆகிய இரண்டையும் அவற்றுள் வைத்தெண்ணியது. அவ்விரண்டும் ஒருங்கே குடிகொள்ளும் இடமாக நமது முடிவுரைகள் அமைந்துள்ளன.

நீண்ட ஆய்வேட்டின் இறுதியில் தொகுப்புரைக்குத் தேவை உண்டு. சில பக்கங்களில் அமையும் கட்டுரையின் முடிவுரைக்கோ வேறொரு கடமை உளது. ஆய்வினாற் பெறப்பட்ட தீர்ப்பை அது வழங்குதல் வேண்டும்.

புதுமைப்பித்தனின் (1906–1948) 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம். இராமனால் மீட்கப்பட்ட அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்தமையை அறிந்தபின் மீண்டுங் கல்லாகிறாள். இதனை ஆராயும் மாணவர் ஒருவர், 'பெண்ணடிமைத்தனத்தைச் சாடும் சிறந்த கதை இது' என முடிக்கலாம். அக்கூற்றிற் பிழையில்லை, ஆயின் வேறு எத்தனையோ கதைகளுக்கும் அதனை அப்படியே பொருத்தலாம். அதுவே அதன் குறைபாடு. முதன்முறை கல்லானமை கணவனின் சாபத்தால் நேர்ந்தது; இரண்டாம் முறை கல்லானமை அவளது உள்ளத்தினின்றே எழுந்தது. இவ்வேறுபாட்டைப் பாடத்தினின்று நிறுவிய ஒருவர், 'அவ்வாறாயின், தலைப்புச் சுட்டும் விமோசனம் எது? பெண்ணாதலா, கல்லாதலா?' என்னும் வினாவை வந்தடைவார். மனச்சுமை நீங்கியது கல்லானபோதே என்பதைக் காட்டி, தலைப்பே எதிர்ப்பொருள் கொண்டுவிட்டதென அவர் முடிப்பாராயின், அம்முடிவு அக்கதைக்கே உரியது. வாசகனும் கதையை மீண்டும் எடுத்துப் படிப்பான்.

முடிவுரைக்கு எல்லையும் உண்டு. இவ்வொரு கதையைக் கொண்டு, பெண்மை பற்றிய புதுமைப்பித்தனின் முழு நோக்கும் இதுவே என அறுதியிடல் பொருந்தாது. அதே தொன்மத்தை வைத்து அவர் எழுதிய 'அகல்யை' என்னும் கதை வேறொரு கௌதமனைக் காட்டுகின்றது. சான்று நிற்குமிடத்தில் தீர்ப்பும் நிற்றல் வேண்டும்.

முற்போக்கு, பிற்போக்கு, உருவம், உள்ளடக்கம் முதலாய கலைச்சொற்கள் ஆய்வுக்குக் கருவிகளாகலாம். ஆய்வு செய்யாமலே தீர்ப்பை எழுதுதற்கு அவை முத்திரைகளாதல் தகாது. பிறர் கருத்துகளை எடுத்தாளும் மாணவன், தன் கருத்துக்குத் தானே பொறுப்பேற்கும் இடம் முடிவுரையாகும். அதனை இரவல் மொழியால் நிரப்புவோன், தான் படித்த நூலைப் பற்றி இன்னமும் எதுவுங் கூறியவனாகான்.