சிவகாமியின் சபதமும் பிரிவின் எல்லையும்

கல்கி எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. வரலாற்றுப் புதினம் என்றே அது வழங்கப்படினும், கற்பார் நெஞ்சில் நிலைத்து நிற்பது வாதாபிப் போர் அன்று. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமிக்கும் பல்லவ இளவரசன் மாமல்லனுக்கும் இடையே மலர்ந்த காதலும் அதன் முறிவுமேயாம். அம்முறிவிற்குக் காரணர் யார் என்னும் வினாவில் வாசகர் இன்றும் இருதிறப்படுவர்.

சிவகாமியே என்பர் ஒரு சாரார். வாதாபியிற் சிறைப்பட்ட அவளை மீட்க மாமல்லன் மாறுவேடத்தில் வந்தபோது அவள் உடன்செல்ல மறுத்தாள். நகரை எரித்துத் தன்னை மீட்டுச் செல்லவேண்டும் என்ற சூளுரையையே பற்றி நின்றாள். இது காதலன்று, செருக்கு என்பது அவர் கூற்று. மாமல்லனே என்பர் மற்றொரு சாரார். அவளைச் சிறையில் வைத்துவிட்டுப் பாண்டியன் மகளை மணந்தவனுக்கு வெற்றி உண்டு. வாய்மை இல்லை என்பது இவர் துணிபு.

சில ஆண்டுகட்கு முன் செட்டிநாட்டு நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த இக்கதையின் கட்டு ஒன்றை அங்குக் கண்டேன். அவ்வீட்டு ஆச்சி, அது தம் தாயார் தைத்துவைத்தது என்றார். ‘ஆத்தா சிவகாமியை ஒரு சொல் குறை சொல்லவிட மாட்டாக’ என்றும் கூறினார். அவர் மகளோ, படித்த பெண், சிவகாமி அன்றே புறப்பட்டிருக்க வேண்டும் என்று வாதிட்டார். ஒரே வீட்டில் இருவேறு தீர்ப்பு.

அத்தாயார் தீர்ப்பிற்குக் காரணம் உண்டு. பர்மாவிற்கும் மலேயாவிற்கும் கொண்டுவிக்கச் செல்வோர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையிற் சென்று மீள்வர். மனைவியர் ஊரில் இருப்பர். 1942இல் சப்பானியர் பர்மாவிற் புகுந்தபின் தவணைக் கணக்குச் சிதைந்தது. இந்தியர் பலர் காட்டுவழியே நடந்து தாயகம் சேர்ந்தனர். வழியில் மாண்டாரும் பலர். அதன்பின் ஈராண்டில் இக்கதை தொடங்கியது. கடல் கடந்தார் வரவை எண்ணியிருந்த மகளிர்க்குச் சிவகாமியின் ஒன்பதாண்டுக் காத்திருப்பு வெறுங் கற்பனையாய்த் தோன்றியிராது. இத்தகைய வாசகரைக் கணக்கிற்கொள்ளாத திறனாய்வு குறைபாடுடையது என்பது என் கருத்து.

பிரிவிற்குத் தமிழ் எல்லை வகுத்துள்ளது. கல்விக்குப் பிரிதல் மூன்றாண்டு கடவாது என்றும், வேந்துவினைக்குப் பிரிதல் ஓராண்டினுள் அடங்கும் என்றும் தொல்காப்பியக் கற்பியல் வரையறுக்கும். (வணிகத் தவணையும் மூன்றாண்டாயினமை ஒரு தற்செயல் ஒற்றுமையே, அதன்மேல் கோட்பாடு எழுப்பல் தகாது.) ஆயின் இவ்வரையறை கற்பிற்கு உரியது. மணந்த தலைவிக்கே நாள் எண்ணும் உரிமையும், நாள் கடந்தவழி ஊடும் உரிமையும் உண்டு. சிவகாமி மணம் பெறாதவள். அவள் எண்ணுவதற்கு எந்நூலும் எல்லை கூறவில்லை. சூளுரை ஒன்றே அவள் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட எல்லை. செருக்கு என்பார் இதனை நோக்கிலர். மாமல்லனைப் பழிப்பாரும் களவு நிலையில் நின்ற உறவைக் கற்பாகக் கொண்டு பழிக்கின்றனர். அரசன் மகன் சிற்பி மகளை மணத்தற்குத் தடையாயது அவன் நெஞ்சு மட்டுமன்று. தந்தை மகேந்திரரின் அரசியலும் ஆகும்.

அங்ஙனமாயின் குறை எங்குளது? ஆசிரியரிடத்தே உளது. பாண்டியன் மகளோடு மாமல்லன் நடத்திய இல்வாழ்க்கை மூன்றாம் பாகத்திற்கும் ‘சிதைந்த கனவு’ என்னும் நான்காம் பாகத்திற்கும் இடைப்பட்ட வெளியில் மறைந்துவிடுகிறது. அவ்வாண்டுகளில் அவன் என் நினைந்தான், வாதாபியை எண்ணி எத்தனை இரவு துயிலாதிருந்தான் என்பவற்றைக் கல்கி விரித்திலர். படை திரட்டியதை விரித்தார், நெஞ்சை விரித்திலர். காஞ்சி மீண்டபின் சிவகாமி அவனுக்கு மனைவியும் மக்களும் இருத்தலை அறியும் இடம் நெஞ்சை உருக்குவதே. எனினும் அவளோடு நாமும் அவனை அயலானாகவே காண்கிறோம்.

ஏகாம்பரநாதர் திருமுன் அவள் தன்னை ஒப்படைத்து ஆடும் இறுதிக்காட்சியைப் பத்தியின் உயர்வு என்று போற்றுவர் பலர். யான் அவ்வளவு துணியேன். மானிடக் காதலில் அவிழ்க்க இயலாத முடிச்சை ஆசிரியர் இறைவன் கையில் ஒப்படைத்தார் என்றே கொள்கிறேன். ஆடல் முடியுமுன் மாமல்லன் கோயிலினின்று நீங்குகின்றான். அவனுக்கு அங்கு ஒரு சொல்லேனும் பேச இடந்தந்திருக்கலாம்.