பசிக்குக் காரணம் பஞ்சமா?

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியை எட்டிற்று. இத்தனை வாய்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்ற பழைய கேள்வியும் உடன் எழுந்தது. 1798-இல் மால்தூஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் மூட்டிவிட்ட அச்சம் அது. மக்கள் பெருக்கல் கணக்கில் பெருகுவர், உணவு கூட்டல் கணக்கிலேயே வளரும் என்றார் அவர். இவ்வச்சத்தின் வேரை ஆராய்ந்த நூல், அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்'. நாற்பதாண்டுகள் கடந்தும் அதனை மீண்டும் எடுத்துப் படிக்கும் தேவை தீரவில்லை.

நூலின் உயிர்நிலை 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். அது ஏறத்தாழ 30 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று என்பது ஆசிரியரின் மதிப்பீடு. நெல் விளையவில்லை, ஆகவே மக்கள் மடிந்தனர் என்றே அரசினர் விளக்கினர். சென் கணக்கைப் புரட்டிப் பார்க்கிறார். அவ்வாண்டின் உணவு இருப்பு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட நூற்றுக்கு ஐந்து அளவே குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட அதிகம்! பின் மாண்டவர் யாவர்? விவசாயக் கூலிகள், மீனவர், நாவிதர் போன்றோர். போர்ச் செலவால் அரிசி விலை பன்மடங்கு ஏறிற்று, கூலி ஏறவில்லை. பசித்தவன் முடிவெட்டிக்கொள்வதை நாளைக்குத் தள்ளிப்போடுவான். நாவிதனோ தன் பசியைத் தள்ளிப்போட இயலாது. விளைச்சலில் பங்கை நெல்லாகவே பெற்ற வாரக் குடியானவர், கூலிக்காரரைப் போல அத்தனை பேர் அழியவில்லை. இந்த ஒப்பீடுதான் நூலின் மிகக் கூரிய இடம் என்பேன். இருவரும் ஒரே மண்ணில், ஒரே விளைச்சலைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் அன்றோ?

சென்னின் புள்ளிவிவரங்களை ஐயுற்றோரும் உண்டு. 1942 இறுதியில் நெற்பயிரைத் தாக்கிய பூஞ்சை நோயின் சேதத்தை அவர் குறைத்து எடைபோட்டார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் விளைச்சல் குறைந்தது என்று மட்டும் சொன்னால், கூலிக்காரன் முதலில் சாவதேன் என்பதற்கு விடை கிடைக்காது. 1974-இல் வங்காளதேசத்தில் பஞ்சம் வந்தபோது, அதன் முன்பின் ஆண்டுகளைவிடத் தலைக்கு அதிக தானியம் அந்நாட்டில் இருந்ததாகவும் நூல் காட்டுகிறது. வெள்ளம் வேலையைப் பறித்தது. வேலையோடு சோறும் போயிற்று.

நமக்குள்ள குறை வேறு. இந்நூல் பெரும்பாலும் குடும்பத்தை ஒரே அலகாகக் கொள்கிறது. ஓர் அடுப்பில் பொங்கிய சோற்றில் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில், யாருக்குப் பானையின் அடி என்பதை அது போதிய அளவு கேட்கவில்லை. பெண்மக்கள் உள்ள எவ்வீட்டாரும் இக்கேள்வியின் கனத்தை அறிவர். ஜான் டிரேசுடன் சேர்ந்து 1989-இல் அவர் எழுதிய நூலில்தான் இதற்கு இடம் தரப்பட்டது.

மற்றொன்று, நூலில் முகங்கள் இல்லை, அட்டவணைகளே மிகுதி. அதே பஞ்சத்தைக் கல்கத்தாத் தெருக்களில் நின்று மலிவுத் தாளில் கறுப்பு மையால் தீட்டினார் ஜைனுல் ஆபிதீன். அவருடைய சித்திரங்களில் மனிதரும் நாயும் காகமும் ஒரே குப்பைத்தொட்டியை மொய்க்கின்றனர். நகரத்தின் ஆலைத் தொழிலாளருக்கு மலிவு விலையில் அரிசி வழங்கப்பட்ட அதே நாட்களில், கிராமத்திலிருந்து வந்தவர்கள் அந்நகரத்தின் நடைபாதைகளில் விழுந்தனர். சென்னின் அட்டவணைகளை அச்சித்திரங்களுடன் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

2023-இல் ஏறத்தாழ 73 கோடிப் பேர் பசியால் வாடினர் என ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் மதிப்பிட்டன. உலகம் அனைவருக்கும் போதுமான உணவை விளைவிக்கிறது என்பதும் அவ்வமைப்புகளின் கூற்றே.