இடது முழங்காலைப் பாருங்கள்

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் இருக்க வாய்த்தால் உட்வர்ட் அவென்யூவுக்குப் போய்விடுங்கள். ஒரு மடக்கு நாற்காலி, தண்ணீர் பாட்டில், தலைக்குத் தொப்பி போதும். 1995இல் ஃபெர்ன்டேல் ஊரில் கால்பந்துத் திடலுக்காகப் பணம் திரட்டத் தொடங்கிய ‘உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்’ இன்று பழைய வண்டிகளுக்கான தேர்த்திருவிழா. வேகமும் தேரின் வேகம்தான். பத்தடி நகரும், நிற்கும். வந்திருப்பவர்கள் பெயின்டைப் பார்ப்பார்கள், பானெட் திறந்திருந்தால் இன்ஜினைப் பார்ப்பார்கள். நான் ஓட்டுபவரின் இடது முழங்காலைப் பார்ப்பேன்.

இன்ஜினைப் பற்றி யாரும் அளந்து விடலாம். கிளட்ச் மிதிக்கிற காலால் பொய் சொல்ல முடியாது. சிலருக்கு முழங்கால் லேசாக நடுங்கும். சிலர் முன்வண்டி நகர்ந்த பிறகும் இடைவெளி விட்டுக் காத்திருந்து, ஒரே மூச்சில் போய் நிற்பார்கள். சிலர் சட்டென்று நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை வெளியே எடுத்து உதறுவார்கள். அந்த வண்டிக்குப் போட்ட கிளட்ச் எப்படிப்பட்டது என்று அப்போதே பாதி தெரிந்துவிடும்.

மாற்றியமைத்த வண்டியின் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் ரசிக்க நல்ல பாடம் ஃபோர்டு மஸ்டாங் 5.0, குறிப்பாக 1987 முதல் 1993 வரை வந்தது. மதுரைக்கார நண்பர் ஒருவர் 1989 வண்டி வைத்திருக்கிறார். அதில் வந்த கியர்பாக்ஸ் போர்க்வார்னர் டி5: அலுமினிய உடல், ஐந்து கியர், எடை 34 கிலோ அளவில். கம்பெனி இன்ஜினின் முறுக்குவிசை 300 பவுண்ட்-அடி, அதாவது 407 நியூட்டன் மீட்டர். டி5 தாங்கும் என்று போட்டிருந்த அளவும் அதைத் தாண்டவில்லை. சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி. உடம்பு கொஞ்சம் பெருத்தால் தையல் விடும்.

நண்பர் பெருக்கவைத்தார். சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட், இன்டேக் எல்லாம் மாறின. இழுக்கும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கியது: ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, ஆறு செராமிக் துண்டுகள் ஒட்டிய ரேஸ் பிளேட்டை வாங்கி மாட்டினார். ஸ்லிப் நின்றது. மனைவி அந்த வண்டியில் ஏறுவதும் நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிளட்ச்சின் பிடி நான்கு விஷயங்களால் ஆனது: பிளேட்டில் ஒட்டிய பொருளின் உராய்வு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் ஆரம், உரசும் முகங்கள் எத்தனை என்பது. உராய்வைக் கூட்டினால் மிதி லேசாகவே இருக்கும். ஆனால் ஹாஃப் கிளட்ச் என்ற ஒன்று காணாமல் போகும். பிடித்தால் முழுசு, விட்டால் காலி, நடுவில் குதிப்பு. அழுத்தும் விசையைக் கூட்டினால் ஹாஃப் கிளட்ச் இருக்கும், தொடைதான் வலிக்கும். அந்த மஸ்டாங்கில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. பெடலுக்கு மேலே கேபிளைத் தானே இழுத்துக்கொள்ளும் பல் வைத்த பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. கனத்த பிரஷர் பிளேட் போட்டால் முதலில் உயிரை விடுவது அதுதான். அதனால்தான் பலரும் அலுமினியத்தில் மாற்றுகிறார்கள். முகங்களைக் கூட்டுவது மூன்றாவது வழி. இரண்டு பிளேட், நான்கு முகம். மிதியும் மென்மை, பிடியும் இரும்பு. விலையைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும்.

இவ்வளவு பிடி வந்த பிறகு அடுத்த அடி யார்மேல் விழும்? கியர்பாக்ஸ்மேல். ஸ்லிப் ஆகிற கிளட்ச் ஒரு வகையில் ஃபியூஸ் மாதிரி. அது விட்டுக்கொடுத்ததால்தான் டி5 பிழைத்திருந்தது. ஒட்டும் டயரும் வெடுக்கென்று பிடிக்கும் கிளட்ச்சும் சேர்ந்தால், உள்ளே இரண்டு ஷாஃப்ட்டும் ஒன்றையொன்று தள்ளி விலகும், அலுமினிய உடல் வளைந்துகொடுக்கும், பல் போகும். டி5இல் பேர்போன இடம் மூன்றாவது கியர். நண்பருக்கும் அதுதான் போனது. “துப்பாக்கிச் சத்தம் மாதிரி கேட்டுச்சுண்ணே” என்றார்.

600 பவுண்ட்-அடி வரை தாங்கும் ட்ரெமெக் கியர்பாக்ஸ் போடலாமா என்று யோசித்தார். டி5ஐயும் 1996இல் அதே ட்ரெமெக்தான் எடுத்துக்கொண்டது. நான் வேண்டாம் என்றேன். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது சரி. வாரம் ஒருமுறை மளிகைக்கும் கோவிலுக்கும் போகிற வண்டிக்கு நல்ல டி5ஐப் போட்டு, பிடியைக் குறைப்பது உத்தமம். ஆர்கானிக் லைனிங், நடுவில் ஸ்பிரிங் வைத்த பத்தரை அங்குல பிளேட், கொஞ்சமே கனத்த பிரஷர் பிளேட். வாங்கி வைத்திருந்த அலுமினிய ஃப்ளைவீலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

ஃப்ளைவீல் ஏன் கனக்க வேண்டும்? சாணை பிடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மிதிப்பதை நிறுத்திய பிறகும் சக்கரம் சுற்றும். கத்தி பட்டாலும் உடனே நிற்காது. வண்டி கிளம்பும் அந்த ஒரு நொடிக்குக் கனமான ஃப்ளைவீல் அப்படித்தான் கைகொடுக்கிறது. இலேசானது என்றால் ஆக்ஸிலரேட்டருக்கு இன்ஜின் துள்ளும், கேட்கச் சுகம். சிக்னலுக்குச் சிக்னல் அணைந்தும் போகும்.

இனி, யாராவது வண்டியைக் காட்டும்போது எப்படி ரசிப்பது. முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு மிதியுங்கள். எடை சீராக ஏறுகிறதா, ஓரிடத்தில் உச்சிக்குப் போய்ப் பிறகு தளர்கிறதா? நல்ல டயாஃப்ரம் ஸ்பிரிங் அந்த உச்சியைத் தாண்டியதும் காலை லேசாக்கும். பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், மிதியை மட்டும் விட்டுக்கொண்டே வந்து வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள். உடல் அதிராமல் சக்கரம் உருளத் தொடங்கினால் வண்டிக்காரரைப் பாராட்டலாம்.

அடுத்தது லீவர். சின்ன வயதில் டவுன் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் டபுள் கிளட்ச் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். அவர் காலால் செய்ததை இப்போது உள்ளே இருக்கும் சின்க்ரோ வளையம் செய்கிறது. கியரை அடிக்காதீர்கள். இரண்டு விரலால் தள்ளி வாசலில் ஒரு கணம் நிறுத்துங்கள்; அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில்தான் ருசி. நண்பரின் வண்டியில் அது வெகுநாள் இல்லை. முன்பு வைத்திருந்தவர் டி5க்குள் நைன்ட்டி என்கிற கெட்டியான கியர் ஆயிலை ஊற்றியிருந்தார். இந்த வகை டி5 கேட்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு நிற மெல்லிய திரவத்தை. மாற்றிய மறுநாளே, மிச்சிகன் குளிர்க்காலையில் மறுத்துக்கொண்டிருந்த இரண்டாவது கியர் வழிவிட்டது.

சத்தத்தையும் விடாதீர்கள். செவர்லே வண்டிகளில் வந்த மன்சி எம்22க்குக் ‘கல்லுடைப்பான்’ என்று பட்டப்பெயர். பற்களின் சாய்வு குறைவாதலால் அது ஊளையிடும். வலிமைக்குக் கொடுத்த விலை என்றாலும் அதைக் கேட்கவே ஆசைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு டி5இன் ஐந்தாவது கியர் போதும். அதன் விகிதம் 0.68. கம்பெனி போட்ட 3.08 பின்னச்சோடு மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,900 சுற்று அளவில்தான் ஓடும். பேச்சுக் கேட்கும், பாட்டும் கேட்கும்.

போன உட்வர்டில் பாதி வழிக்கு மேல் நண்பரின் முழங்கால் நடுங்கவே இல்லை. சாவியை என்னிடம் நீட்டினார். “நீங்க ஓட்டுங்கண்ணே.” மூன்றாவது சிக்னலில் வண்டி என் காலடியில் அணைந்தது. பின்னால் நின்றவர் ஹார்ன் அடிக்கவில்லை; சிரித்தார். “விடுங்கண்ணே, புது பிளேட், இன்னும் செட் ஆகல” என்றார் நண்பர். பிளேட் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது.