ஊசிமுனையின் மூலதனம்

மின்சாரத்தின் துணையின்றிப் பாடிய பழைய கிராமபோன்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் பித்தளைக் குழலின் பளபளப்பையும் மரப்பெட்டியின் சித்திர வேலையையும் வியந்து நின்றுவிடுவதால், அந்த யந்திரத்தின் ஆதாரமான சங்கடம் என்னவென்பது சொல்லப்படாமலே போய்விடுகிறது. சாவி கொடுத்து முறுக்கிய எஃகுச் சுருள் தட்டைச் சுழற்றுகிறது. சுழலும் தட்டின் வரிப்பள்ளம் ஊசியை ஆட்டுகிறது. ஊசியின் ஆட்டம் ஒரு சிறு நெம்புகோல் வழியாகச் சவுண்ட் பாக்ஸின் காக்காய்ப்பொன் தகட்டை அடைந்து காற்றை அசைக்கிறது. கூடம் நிறையக் கேட்கும் பாட்டின் பலம் முழுவதும் அந்த ஊசிமுனையில் கிடைக்கும் தள்ளலிலிருந்தே வந்தாக வேண்டும். குழல் ஒலியைப் பெருக்குகிறது என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே தவிர, அது தன் பங்காக ஒரு துளி சக்தியையும் சேர்ப்பதில்லை. உள்ளங்கையளவுகூட இல்லாத தகட்டின் அசைவுக்குப் பிடிகொடாமல் நழுவும் காற்றை, குறுகத் தொடங்கி மெல்ல மெல்ல விரிந்து, பிடிகொடுக்கச் செய்வதே அதன் தொழில். ஆகவே சப்தத்தின் உரப்பு, நாதத்தின் தெளிவு, தட்டின் ஆயுள் என்ற மூன்றுக்கும் ஒரே பையிலிருந்துதான் பணம் எடுக்க வேண்டும். அபூர்வ யந்திரங்கள் யாவும் இந்த நிர்ப்பந்தத்திலிருந்து தப்பிக்க மனிதர் செய்த பிரயத்தனங்களே என்பது என் அபிப்பிராயம். அவற்றை மதிப்பிட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சாதாரண யந்திரம் அந்தப் பணத்தை எப்படிச் செலவிட்டது என்பதை முதலில் பார்க்கலாம். இந்தியக் காடுகளில் பூச்சிகள் சுரக்கும் அரக்கோடு கல்தூளைக் கலந்து வார்த்த தட்டின்மீது, நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு எஃகு ஊசி அழுந்தி ஓடியது. முதல் சில சுற்றுகளிலேயே அந்தக் கல்தூள் ஊசிமுனையைத் தேய்த்துப் பள்ளத்துக்கு இசைந்த வடிவமாக்கிவிடும். பின்னர் தேய்ந்து கூரேறிய ஊசி பள்ளத்தைத் தேய்க்கத் தொடங்கும். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற வழக்கம் ஏற்பட்டது இதனால்தான். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியில் பத்துப் பாட்டுக் கேட்ட வீடுகளின் தட்டுகளை இன்று கையில் எடுத்தால், பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்களில் மட்டும் கருமை வெளுத்துச் சாம்பல் பூத்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

தப்பிக்க முயன்றவற்றுள் மிகத் துணிச்சலானது ஆக்ஸெட்டோபோன். அதன் மூல யோசனை ஹொரேஸ் ஷார்ட் என்னும் ஆங்கிலேயருடையது. பிற்காலத்தில் தம் சகோதரர்களோடு சேர்ந்து ஆகாய விமானம் கட்டிய அவர், 1900-ல் பாரிஸ் ஈபில் கோபுரத்தின் மேலிருந்து தம் கருவியை முழங்கச் செய்தார். அதன் உரிமையைப் பெற்றுச் செம்மைப்படுத்தியவர், நீராவிச் சுழலி கண்ட சார்லஸ் பார்ஸன்ஸ். நூலிழை போன்ற இடைவெளிகளின் வழியே நீராவி வீணாகக் கசியாமல் காப்பதிலேயே காலம் கழித்த ஒரு மேதைக்கு, நூலிழை போன்ற இடைவெளிகளின் வழியே காற்றைப் பாடச் செய்யும் இந்தக் கருவியின்மேல் மனம் சென்றது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றவில்லை. இதில் காக்காய்ப்பொன் தகடே கிடையாது. அதன் ஸ்தானத்தில் சீப்புப் பற்களைப் போல் நெருங்கிய பிளவுகளுள்ள ஒரு சிறு உலோக அடைப்பும், அதற்கு இணையான பிளவுகளுள்ள ஓர் இருக்கையும் இருந்தன. மோட்டார் ஒன்று இடைவிடாது அழுத்தி அனுப்பும் காற்று அந்தப் பிளவுகளின் வழியே குழலுக்குள் பாயும்போது, ஊசியோடு இணைந்த அடைப்பு மயிரிழை அசைந்து, பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் அதையே நாதமாக மாற்றிவிடும். ஊசி பாரம் சுமக்கும் கூலியாளாக இல்லாமல் வாயிற்காப்போனாக உயர்த்தப்பட்டுவிட்டது. பலம் காற்றினுடையது, கட்டளை மட்டுமே ஊசியினுடையது. மின்சார ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே அதன் தத்துவத்தை முழுமையாகக் கண்டுகொண்ட இந்த யுக்தியை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பரவசம் உண்டாகிறது.

ஆனால் செவிக்கு அது தந்தது என்ன? பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரை எட்டும் உரப்பைத் தந்தது. அதோடு, பாட்டு நின்ற இடத்திலும் நில்லாத காற்றின் சீறலையும் தந்தது. பாடகர் காருஸோவின் குரல் இரட்டிப்பானபோது, தட்டின் கரகரப்பும் இரட்டிப்பாயிற்று. ஏனெனில் வாயிற்காப்போனுக்குப் பாட்டின் அசைவு எது, தேய்மானத்தின் அசைவு எது என்று பகுத்தறியும் ஞானம் இல்லை. 100 பவுன் விலை, காற்றை வடிகட்டும் ஏற்பாடு, ஓயாமல் இரையும் மோட்டார் ஆகிய இத்தனையும் சேர்ந்து அது இல்லங்களில் குடியேற முடியாதபடி செய்துவிட்டன. இதே காலத்தில் அமெரிக்காவில் டேனியல் ஹைகம் என்பவர், சுழலும் அம்பர்ச் சக்கரத்தின் உராய்விலிருந்து பலத்தை இரவல் வாங்க முயன்றார்; உராய்வு என்பது ஒரே நிலையில் நிற்காத குணமுடையதாகையால், அவருடைய முறையும் நெடுநாள் நிலைக்கவில்லை.

எடிசனுடைய வழி நேர் எதிரானது. அவர் வெளியிலிருந்து பலம் தேடாமல், இருக்கும் பலத்தைச் சிந்தாமல் காக்க முற்பட்டார். 1912-ல் வெளிவந்த அவருடைய வைரத் தட்டு கால் அங்குலக் கனமுடையது. அதன் பள்ளம் பக்கவாட்டில் நெளியாமல் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். மாற்ற வேண்டாத வைர முனை அதில் ஓடும். பற்சக்கரங்கள் தாமே குழலை நகர்த்திச் செல்வதால், அதை இழுக்கும் உழைப்பு பள்ளத்தின் தலையில் விழாது. பொறியியல் அறிவுக்கு இதைவிட நல்ல சான்று அந்த யுகத்தில் அரிது. எனினும் இந்த யந்திரத்தின் புகழுக்கு அடிப்படையாயிருந்த சோதனைக் கச்சேரிகளை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. பாடகி மேடையில் யந்திரத்தோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் விளக்குகள் அணைய, எது குரல், எது யந்திரம் என்று சபையோருக்குத் தெரியவில்லையாம். அவ்வாறு பாடியவர்களுள் ஒருவரான அன்னா கேஸ், யந்திரத்தின் தன்மைக்கு ஏற்பத் தம் குரலை அமைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். யந்திரம் மனிதக் குரலை எட்டியதாகக் கொண்டாடப்பட்ட இடத்தில், மனிதக் குரல்தான் இறங்கிவந்து யந்திரத்தைச் சந்தித்திருக்கிறது.

சினிமாவைத் தந்த சகோதரர்களுள் ஒருவரான லூயி லூமியேர், குழலையே ஒழித்துவிட்டார். 1920-களின் நடுவில் எச்.எம்.வி. 460 என்ற பெயரில் சிறிது காலமே விற்ற யந்திரத்தில், ஓர் அடிக்கு மேல் குறுக்களவுள்ள, விசிறி மடிப்புகளைச் சுற்றிலும் விரித்தாற்போன்ற பொன்னிறக் காகித வட்டம் ஒன்று நேரே ஊசியோடு பிணைக்கப்பட்டிருந்தது. குழல் யந்திரங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் தோன்றுவது விடுதலை உணர்ச்சி. குடத்துக்குள்ளிருந்து பேசுவது போன்ற அந்தப் பழகிய சாயை மறைந்து, பிடிலின் நாதம் அறையின் காற்றில் இயல்பாகப் பரவி நிற்கிறது. ஆயினும் அத்தனை பெரிய காகிதத்தையும் அசைத்தாக வேண்டிய பொறுப்பு அதே ஊசிமுனைக்குத்தான். பாரம் அதிகரிக்கவே தட்டின் தேய்மானமும் அதிகரித்தது. கீழ் ஸ்வரங்கள் காகிதத்தின் முன்புறத்திலிருந்தும் பின்புறத்திலிருந்தும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்தன. அழகிய பொருள்தான்; பையில் இல்லாத பணத்தை நம்பிச் செலவு செய்த பொருளுங்கூட.

குழலுக்குரிய நியாயத்தைக் கணிதத்தால் வழங்கியவர்கள் டெலிபோன் விஞ்ஞானிகள். மாக்ஸ்பீல்டும் ஹாரிஸனும் மின்கம்பியில் சக்தி வீணாகாமல் செல்லும் விதிகளை ஊசிக்கும் தகட்டுக்கும் குழலுக்கும் பொருத்தியதன் பயனாக, 1925-ல் விக்டர் ஆர்த்தோபோனிக் பிறந்தது. அதே கணக்கை அடியொற்றி, சம தூரந்தோறும் பரப்பு இரட்டிக்கும்படி வளைத்த பிரம்மாண்டமான காகிதக் குழல்களை லண்டனில் இ.எம்.ஜி. பட்டறை கையால் செய்தது. பெரியவற்றின் வாய் இரண்டேமுக்கால் அடி அகலம். இவற்றில் மிஞ்சிய பலத்தை இவற்றின் ரசிகர்கள் உரப்புக்குச் செலவிடாமல் தட்டின் ஆயுளுக்கே செலவிட்டார்கள். எஃகு ஊசியை விலக்கி, மூங்கிலிலும் முள்ளிலும் சீவிய ஊசிகளைப் பயன்படுத்தினார்கள். நால்வர் வாசிக்கும் தந்தி வாத்தியக் கச்சேரியின் தட்டு ஒன்று அவ்வாறு ஒலிக்கையில் மேல்கோடியின் மினுமினுப்பு குறைவுதான். ஆனால் வில் நரம்பைப் பற்றும் அந்தக் கணம், நடுவே எந்த மின்சாரமும் நில்லாமல், ஒரு மரச்சாமான் மற்றொரு மரச்சாமானைத் தொட்டதுபோல் நம்மை வந்தடைகிறது. நான் கேட்ட யந்திரங்களில் மனத்தை முழுதாக ஒப்படைக்க முடிந்தது இதனிடம் ஒன்றுதான்.

பழைய தட்டைப் பழைய யந்திரத்தில் கேட்பதே சத்தியமான கேள்வி என்று சேகரிப்பாளர்கள் வாதிக்கிறார்கள். குழல் முன் பாடிப் பதிந்த குரல், குழலின் வழியே திரும்பும்போது ஓர் இசைவு பெறுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பழைய யந்திரம்? ஆக்ஸெட்டோபோனின் காருஸோவும் லூமியேரின் காருஸோவும் ஒருவரல்லர். தவிர, உலகில் ஒரே பிரதியாக எஞ்சியிருக்கும் தட்டை அந்தச் சத்தியத்துக்காக இரும்பு ஊசியின்கீழ் வைப்பது எனக்குச் சம்மதமில்லை; அதைச் சில கிராம் பாரத்தில் தொட்டெடுக்கும் இன்றைய கருவிக்குத் தந்துவிட்டு, பல பிரதிகள் உள்ள தட்டை மூங்கிலிடம் தருவதே முறை. மூங்கிலிலும் ஒரு குறை உண்டு. அதன் முனை பாட்டோடு பாட்டாகத் தேய்ந்துகொண்டே போகிறது; தட்டின் உள்வட்டங்களோ மெதுவாக ஓடுவதால் அங்கே நெளிவுகள் நெருங்கிக் கடினமாகின்றன; ஆகவே பாடகர் தம் முழுக் குரலையும் சேர்த்து வைத்திருக்கும் அந்தக் கடைசி அரை நிமிஷத்தில், மூங்கில் தளர்ந்து குரல் கம்முகிறது. எழுந்து போய் ஊசியை வெட்டி மீண்டும் வைத்தால் பாட்டு தெளிவாகவே தொடரும், ஆனால் இடையில் அறுந்த மூச்சு அறுந்ததுதான்.